நெடுமடைக்குளம் பாதுகாப்பான அளவில் உள்ளது

நெடுமடைக்குளத்து மடை ஷட்டரின் கைப்பிடிக்கு நடந்த வழியனுப்பு விழாவைப் போல எங்கள் பக்கத்தில் எந்த மணப்பெண்ணுக்கும் நடந்ததில்லை. தோவாளையிலிருந்து பிச்சிப்பூ மாலை வந்தது. நாதஸ்வரம் வந்தது. ஆறாம் வார்டு மெம்பர் ராகேல் லட்டுத் தட்டோடு முன்வரிசையில் நின்றாள். நாகர்கோவிலில் புதிதாகத் திறந்திருந்த ஒருங்கிணைந்த தரவு மையத்திலிருந்து அதிகாரிகள் இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். இனிமேல் மழையில் நனைந்துகொண்டு யாரும் ஷட்டரைச் சுற்ற வேண்டாம், மோட்டார் மாட்டியாயிற்று, நாகர்கோவிலில் உட்கார்ந்தபடியே திறக்கலாம், மூடலாம் என்றார்கள். வேலையில்லாமல் போன கைப்பிடியை மையத்தின் முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பேணுவார்களாம்.

குளத்துக் காவல்காரர் ஐயப்பன் மட்டும் கை தட்டவில்லை. அந்த இரும்புக் கைப்பிடி அவர் நெஞ்சு உயரம் இருக்கும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு மழைக்காலம் முழுக்கக் கரையில் நடந்தவர் அவர்.

"ஒரு ஆவத்துக்கு இது இங்கயும் கெடக்கட்டும் மேடம்," என்றார்.

"ரெண்டு வழி இருந்தா ஒழுங்கு இருக்காது ஐயா," என்று மையத்தின் இயக்குநர் ராஜபாய் மேடம் சொல்லிவிட்டு, கைப்பிடியைக் காரின் பின்சீட்டில் படுக்கவைக்கச் சொன்னார்.

இரண்டு மழைக்காலம் நன்றாகத்தான் போனது. ஷட்டர் தானாக ஏறியது, தானாக இறங்கியது. ஐயப்பனுக்குக் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்தச் சமயத்திலேயே குளத்தின் மறுகால், அதாவது நிறைந்த தண்ணீர் வழிந்தோடும் வாய்க்கால், மண் போட்டு நிரப்பப்பட்டது. தரவு மையத்துக்கான கேபிள் அந்த வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. ஷட்டர்தான் நாகர்கோவிலில் இருந்தே திறக்கிறதே, மறுகால் எதற்கு என்று ஒரு பொறியாளர் கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு நியாயமான கேள்வி என்றால் பயம்.

மூன்றாவது ஐப்பசியில் ஒரு ராத்திரி மழை பெய்த விதத்தைப் பார்த்து ஐயப்பன் கரையைவிட்டு இறங்கவில்லை. விடிந்தபோது தண்ணீர் கரையின் மேல்விளிம்புக்குக் கீழே கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. ஷட்டர் அசையவில்லை. மையத்தின் எண்ணுக்குப் போன் போட்டார். ஒரு பெண் குரல், தங்கள் குளத்தின் மெய்நிகர் வலை மேம்பாட்டுப் பணியின் காரணமாக மறுபரிசீலனையில் உள்ளது என்று சொல்லி, பாட்டுப் போட்டது.

அவர் நேராக ராகேல் வீட்டுக்கு வந்தார். கரையடித் தெருவின் கடைசி வீடு அவளுடையது. பின்சுவரைத் தாண்டினால் குளத்தங்கரை. உள்ளே அவள் மகள் ஜாஸ்பின் படுத்திருந்தாள். நெய்யூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பிள்ளை எடுத்து வீட்டுக்கு வந்திருக்கிறாள். தையல் இன்னும் ஆறவில்லை. பிள்ளைக்குப் பேர்கூட வைக்கவில்லை.

"மெம்பரே, கரையில ஒழுக்கு தொடங்கியாச்சு. ஒங்க வீட்டுக்கு நேர் மேல," என்றார் ஐயப்பன். "ஷட்டரத் தொறக்காட்டி அந்திக்குள்ள கரை நிக்காது."

ராகேல் மகளிடம் வந்தாள். "ஏட்டி மக்கா, பிள்ளையத் தூக்கிட்டு மேட்டுத் தெருவுக்குப் போயிருவோமா?"

ஜாஸ்பின் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து, தரவு மையம் அனுப்பும் எச்சரிக்கையைப் பார்த்தாள். "மஞ்சள்னுதாம்மா போட்டிருக்கு. செவப்பு வந்தா சொல்லுவாவ. எனக்கு எந்திரிக்கவே முடியல்ல."

மகளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தத் தெருவில் எல்லோரும் குளத்தைப் பார்ப்பதை விட்டுப் போனைப் பார்க்கப் பழகியிருந்தார்கள். ராகேல் குடையை எடுத்துக்கொண்டு நாகர்கோவில் பஸ்ஸுக்கு ஓடினாள்.

தரவு மையத்துக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. ராகேல் ஈரக்காலோடு முன்கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்தக் கைப்பிடிதான். தங்கநிறப் பெயின்ட் அடித்து, மரப் பீடத்தில் செருகி, மேலே ஒரு விளக்குப் போட்டிருந்தார்கள். அது கொஞ்சம் குறுகிப்போன மாதிரி அவளுக்குத் தோன்றியது. கண்ணாடிக்குள் வைத்தால் எதுவும் சின்னதாகத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஆறடி உயர இரும்பு அலமாரிகள் வரிசையாக நிற்கும் குளிரூட்டிய அறையின் வாசலில் மின்சார அடுப்பு. சுற்றிலும் பல துறை அதிகாரிகள். புதுவீட்டுக்குக் குடிபோகிறவர்கள் செய்கிற சடங்கைப் புது மென்பொருள் குடிவருவதற்குச் செய்தார்கள். பால் பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

"நல்லா பொங்கிச்சு," என்றார் ராஜபாய் மேடம், திருப்தியாக.

"மேடம், எங்க குளமும் பொங்க நிக்கு," என்றாள் ராகேல்.

 மேடம் பொறியாளர் சிஜினைக் கூப்பிட்டு, மெம்பருக்கு விளக்கிச் சொல்லும்படி சொன்னார். விளக்கிச் சொல்வது அந்த மையத்தின் முக்கியமான பணி. அதற்குத் தனியாக ஒரு அறையே இருந்தது.

சிஜினுக்கு நாற்பது வயது இருக்கும். துபாயில் பத்து வருடம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர். "எக்கா, இந்தா நிக்கிய இரும்பு அலமாரிதான் சுவிட்சு. மாவட்டத்துல உள்ள எல்லா ஆபீசுக்க லைனும் இதுக்குள்ளதான் வருவு. ஆனா ஒருத்தருக்க சங்கதி இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாதுல்லா? அதுக்காக உள்ளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சுவர் போட்டுத் தனித்தனியா வச்சிருக்கோம். அதாக்கும் மெய்நிகர் வலை."

"ஒரே வீட்டுக்குள்ள அண்ணன் தம்பியெல்லாம் தனித்தனியா அடுப்பு வச்சு பொங்குவாவளே, அது மாதிரியா?"

"அதேதான். பழைய வெர்ஷன்ல எத்தன அடுப்பு வேணும்னாலும் வைக்கலாம். புது வெர்ஷன்ல அறுவத்துநாலுதான். அதுக்கு மேல இருந்தா அப்கிரேடு ஆவாது. கூடுதலா உள்ளத அழிச்சிட்டுத்தான் ஏத்தணும்."

"புதுசுல கூடத்தானே செய்யும்? கொறயுமா?"

சிஜின் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் இதே சந்தேகம் வந்துச்சு. கேட்டேன். கேட்டதுக்கு மெமோ தந்தாவ."

"பழசு நல்லாத்தான ஓடிச்சு?"

"ஓடிச்சு. ஆனா அதுக்குக் கம்பெனிக்க ஆதரவு முடிஞ்சு போச்சு. ஆதரவில்லாம ஓடியது தப்பில்லியா?"

ராகேலின் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள்.  எங்கள் குளத்துக்கு அடுப்பு உண்டா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றாள். அன்று காலைதான் அதற்கான கடைசிக் கூட்டம் என்றார் சிஜின். மக்கள் பிரதிநிதி என்பதால் அவளும் உட்காரலாம், மேடம் அனுமதித்துவிட்டார். பேச வேண்டுமானால் கையைத் தூக்க வேண்டும்.

கூட்டத்தில் நீள்மேசையைச் சுற்றித் துறைகள் உட்கார்ந்திருந்தன. அழிக்க வேண்டிய வலைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார் மேடம். அதிகாரிகள் மன்றத்து ஷட்டில்காக் மைதானத்தின் விளக்குக்கு ஒரு வலை இருந்தது. அதை அழித்தால் அதிகாரிகளின் உடல்நலம் கெடும், உடல்நலம் கெட்டால் நிர்வாகம் கெடும் என்றது ஒரு துறை. விருந்தினர் மாளிகையின் வெந்நீருக்கு ஒரு வலை. அது கௌரவப் பிரச்சினை. கல்வெட்டுத் திறப்பு விழாக்களில் திரைச்சீலையை விலக்கும் மோட்டாருக்கு ஒரு வலை. அதைப் பற்றி யாரும் பேசவே துணியவில்லை. இனிமேல் தொடங்கப்படப் போகிற துறைகளுக்காகப் பன்னிரண்டு வலைகள் காலியாக வைக்கப்பட்டிருந்தன.

ராகேல் கையைத் தூக்கினாள். "அந்தக் காலியா கெடக்குததுல ஒண்ண எங்க குளத்துக்குத் தரலாமே?"

"காலியா இல்ல மெம்பர், ஒதுக்கப்பட்டிருக்கு," என்றார் வரப்போகிற துறைகளின் சார்பில் வந்திருந்த அதிகாரி. "நாளைக்கு அந்தத் துறை வந்து எங்க என் வலைன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

"நாளைக்குக் குளம் வந்து கேட்டா?"

 குறிப்பெடுக்கிறவர் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்.

நெடுமடைக்குளத்தின் முறை வந்தது. குளம் தங்களுடையது அல்ல, பஞ்சாயத்துடையது என்றது நீர்வளம். கரை மட்டும்தான் தங்களுடையது, தண்ணீர் நீர்வளத்துடையது என்றது பஞ்சாயத்து. ஷட்டர் யாருடையது என்று கேட்டார் மேடம். இரண்டு துறைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சொந்தம் கொண்டாட ஆளில்லாத வலைதான் அழிப்பதற்குத் தோதானது. மேடத்தின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு நிம்மதி தெரிந்தது.

அப்போது சுற்றுலாத் துறை பெருந்தன்மையோடு எழுந்தது. குளத்தைத் தங்கள் வலைக்குள் சேர்த்துக்கொள்ளத் தயார் என்றது. ராகேல் கர்த்தருக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் சிஜின் குனிந்து அவள் காதில் சொன்னார்: "எக்கா, அவசரப்படாதீங்க. அவங்க வலைக்குப் பார்க்கு வாசல் கேட்டுதான் தெரியும். ஷட்டரயும் கேட்டுன்னு நெனைக்கும். காலையில பார்வை நேரத்துக்குத் தொறக்கும். சாயங்காலம் அடைக்கும்."

"போவட்டு, காலையிலயாவது தொறக்குமே!"

"கனமழை எச்சரிக்கை வந்தா சுற்றுலா இடமெல்லாம் பாதுகாப்புக்காவத் தானா அடைச்சிரும். எச்சரிக்கை போற வரைக்கும் தொறக்காது."

ராகேல் தூக்கியிருந்த கையை இறக்கினாள். ஜன்னல் கண்ணாடியில் மழை சாய்த்து அடித்துக்கொண்டிருந்தது. போனில் ஐயப்பனின் குரல்: "மெம்பரே, ஒழுக்கு கலங்கி வருவு. தெளிஞ்ச வெள்ளம்னா பயமில்ல. இது மண்ண அரிச்சிட்டு வருவு."

அவள் கையைத் தூக்காமலே எழுந்தாள். "மேடம், அழிக்கியத அழிங்க. அதுக்கு முன்ன ஒரே ஒரு தடவ அந்த ஷட்டரத் தொறந்து விட்டிருங்க. கும்பிட்டுக் கேக்கேன். எனக்க மக தையலோட படுத்துக் கிடக்கா. பிள்ளைக்குப் பேருகூட வைக்கல்ல."

ராஜபாய் மேடம் கல் நெஞ்சக்காரர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் பேசினார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்லம்மா. ஆனா அப்கிரேடுக்கு முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து மாற்றத் தடை இருக்கு. எதையும் திறக்கவும் கூடாது, மூடவும் கூடாது. நேத்து மத்தியானம் சொல்லியிருந்தா உடனே திறந்திருப்பேன்."

"நேத்து மத்தியானம் மழையே இல்லியே மேடம்."

"அதான் பாருங்க. முன்கூட்டியே திட்டமிடணும்," என்றார் மேடம் பரிவோடு. "இந்த மையம் எதுக்கு இருக்குன்னு நீங்க நினைக்கிறீங்க? தண்ணியப் பாக்கிறதுக்கு வேற துறை இருக்கு. நாங்க வலையப் பாதுகாக்கிறோம். போன மழைக்கு உங்க குளத்திலிருந்து மட்டும் எத்தனை எச்சரிக்கை வந்துச்சு தெரியுமா? சிவப்பு, சிவப்பு, ஒரே சிவப்பு. ஆய்வுக்கு வந்தவங்க முன்னால எனக்குத் தலைகுனிவு. இனி அந்தத் தொல்லை உங்களுக்கும் இல்ல, எங்களுக்கும் இல்ல."

எல்லோரும் எழுந்து பெரிய திரை இருந்த அறைக்குப் போனார்கள். திரையில் மாவட்டத்தின் குளங்கள் வரிசையாக இருந்தன. பல பச்சை, சில மஞ்சள். நெடுமடைக்குளம் மட்டும் இப்போது சிவப்பில் துடித்துக்கொண்டிருந்தது. மாற்றத் தடையால் அந்தச் சிவப்பு யாருடைய போனுக்கும் போகவில்லை. நல்ல நேரம் பார்த்து மேடம் பொத்தானை அழுத்தினார். திரை கறுத்தது. ஒரு கோடு மெல்ல நீண்டது.  மழைச்சத்தம் மட்டும் கேட்டது.

திரை திரும்ப வந்தபோது முழுக்கப் பச்சை. பலத்த கைதட்டல்.

"பாருங்க," என்றார் மேடம், கண் கலங்கி. "மாவட்டத்தில அபாயமே இல்ல."

ராகேல் சிஜினின் சட்டைக்கையைப் பிடித்தாள். "திரும்பப் பழசுக்குப் போவ முடியாதா?"

"அந்த வழி கிடையாதுக்கா. புதுசுக்குப் பழச வாசிக்கத் தெரியாது."

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இத்தனை பேர், இத்தனை குளிர், இத்தனை விளக்கு. ஒரு மடைப் பலகையைத் தூக்க ஆளில்லை. முன்கூடத்துக்கு வந்தவள் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றாள்.

"அந்தக் கைப்பிடியத் தாங்க. நாங்களே தொறந்துக்கிடுதோம்."

இதற்கு ஏதாவது தடை இருக்கும் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். இல்லை. பெட்டியின் பூட்டுக்குத் தனியாக ஒரு மெய்நிகர் வலை இருந்தது. அறுபத்துநான்கில் அதுவும் ஒன்று. சிஜின் பூட்டில் விரலை வைத்ததும் கண்ணாடிக் கதவு மெல்லிய சங்கீதத்தோடு திறந்துகொண்டது. மேடம் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். திங்கட்கிழமை மேலிடத்து ஆய்வு இருக்கிறது, அதற்குள் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும், பெயின்ட் உரியக் கூடாது, அவ்வளவுதான். பீடத்திலிருந்து பிடுங்கி, விழாப் பதாகை ஒன்றில் சுற்றிக் கொடுத்தார்கள்.

ஆட்டோவில் வரும்போது ராகேல் அதை மடியில் குறுக்காகப் போட்டுப் பிள்ளையைப் போலப் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் வயல் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. கரைக்கு ஏறும் இடத்தில் ஐயப்பன் நின்றார். மோட்டார் பெட்டியின் மூடியைக் கல்லால் உடைத்துத் தயாராக வைத்திருந்தார். உள்ளே ஷட்டர் திருகின் சதுரத் தலை தெரிந்தது. அந்தத் தலையில் போய் உட்காருவதற்கென்று கைப்பிடியின் அடிமுனையில் ஒரு சதுரக் குழி உண்டு.

பதாகையைப் பிரித்தார். கைப்பிடியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார். அதை நிமிர்த்தித் தன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். நெஞ்சு வரை வந்த கைப்பிடி இப்போது இடுப்பைத் தாண்டவில்லை.

"மெம்பரே," என்றார். "குழி எங்க?"

அடிமுனை வழவழவென்று அறுக்கப்பட்டு, அதன்மேலும் தங்கநிறம் பூசப்பட்டிருந்தது.

ராகேல் சிஜினைப் போனில் பிடித்தாள். அவர் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். "எக்கா, பெட்டிய டெண்டர் அளவுப்படி முன்னமே செஞ்சு கொண்டு வந்துட்டாவளாம். கைப்பிடிதான் நீளம். பெட்டிக்குப் பொருந்தல்ல." கொஞ்சம் தயங்கினார். "அதனால பொருந்த வச்சிருக்காவ."

"அறுத்த துண்டு?"

"அது... கழிவுக்குப் போயிருக்கும்."

ஐயப்பன் அதற்குள் குழாய் ரென்ச்சை எடுத்துத் திருகின் தலையைப் பிடித்துப் பார்த்தார். வழுக்கியது. சாக்கு சுற்றிப் பிடித்துப் பார்த்தார். வழுக்கியது. ரென்ச்சைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். அவர் கால் பக்கத்தில் தண்ணீர் கரையின் விளிம்பைத் தொட்டு நின்றது. கரைக்கு அந்தப்புறம், ராகேலின் வீட்டுப் பின்சுவருக்கு மேலே, செம்மண் நிறத்தில் ஒரு ஊற்று கை பருமனுக்குக் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

ராகேலின் போன் அதிர்ந்தது. ஐயப்பனுடையதும். தெரு முழுக்க வீட்டுக்கு வீடு அதே நேரத்தில் அதிர்ந்திருக்கும். அரசு முத்திரையோடு ஒரு குறுஞ்செய்தி: நெடுமடைக்குளம் பாதுகாப்பான அளவில் உள்ளது. நீர்மட்டம் பூஜ்யம்.

சிஜின் இன்னும் லைனில்தான் இருந்தார். "எக்கா, லைன் அத்துப்போனா கணக்கு ஒண்ணும் வராதுல்லா. ஒண்ணும் வரலன்னா பூஜ்யம்னு எடுத்துக்கிடும். நான் சொன்னேன். இப்பம் யாரும் கேக்க மாட்டேங்கியாவ."  ராகேல் போனை வைத்தாள்.

அவள் தெருவுக்குள் இறங்கி வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். கரை உடையப் போகிறது, கிளம்புங்கள் என்றாள். முதல் வீட்டில் போனை எடுத்துக் காட்டினார்கள். "பூஜ்யம்னு வந்திருக்கே மெம்பரே." அடுத்த வீட்டில், போன மழைக்கும் இப்படித்தான் பயமுறுத்தினீர்கள் என்றார்கள். மூன்றாவது வீட்டுக்காரர் வார்டு தேர்தலில் அவளிடம் தோற்றவர், கதவையே திறக்கவில்லை. மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்தைத் திறந்து வையுங்கள் என்று தாலுகா ஆபீசுக்குப் போன் போட்டாள். எந்தக் குளத்துக்காக என்று கேட்டார்கள். சொன்னாள். அப்படி ஒரு குளம் திரையில் வரவில்லை, எழுத்து சரிதானா என்று கேட்டார்கள்.

தன் வீட்டுக்கு ஓடினாள். ஜாஸ்பின் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். போன் பக்கத்தில் பச்சையாக எரிந்தது. "அம்மா, இப்பம்தான் வந்துச்சு. சேஃப்னு—"

"ஏட்டி, அதப் போடு அங்க!" ராகேல் கத்தியதில் பிள்ளை மிரண்டு அழுதது. பின்சுவரின் அடியில் சமையலறைத் தரை ஈரமாகியிருந்தது. சிவப்பு ஈரம். ஜாஸ்பின் அதைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

கரையிலிருந்து இறங்கி வந்த ஐயப்பன் ஜாஸ்பினைக் கைத்தாங்கலாக நடத்த, ராகேல் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. ஜன்னல்களுக்குள் போன் வெளிச்சம் தெரிந்தது. எதிரே சர்ச். அவள் ஒரு நிமிடம்தான் நின்றாள். பிள்ளையை ஜாஸ்பின் கையில் கொடுத்தாள். "நீங்க மேட்டுக்கு ஏறுங்க, நிக்காதீங்க," என்றாள். பிறகு கோபுரத்தடிக்குப் போய் மணிக்கயிற்றைப் பிடித்தாள்.

ஆராதனைக்கு என்றால் மணி விடாமல் அடிக்கும். விட்டு விட்டு, நிதானமாக, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் மூச்சு விட இடம் கொடுத்து அடித்தால் சாவு. கரையடித் தெருவில் அந்த மணிக்கு மட்டும் சபைக்காரர், அய்யாவழிக்காரர், கோயிலுக்குப் போகிறவர் என்ற சுவர் எதுவும் கிடையாது. அடிப்பது கேட்டால் எல்லோரும் போட்டது போட்டபடி வெளியே வந்துவிடுவார்கள். அதைப் போனில் சரிபார்க்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

ராகேல் நிதானமாக அடித்தாள்.

ஒரு கதவு திறந்தது. அப்புறம் இன்னொன்று. சோற்றுக்கையோடு ஆண்கள், ஈரத்தலையோடு பெண்கள், தேர்தலில் தோற்றவர்கூடக் குடையோடு மழையில் இறங்கிச் சர்ச் வாசலுக்கு வந்தார்கள். தெருவே வந்துவிட்டது. யாரோ ஒருவர் மார்பில் கைவைத்துக் கேட்டார்:

"எக்கா, ஆராக்கும் செத்தது?"

ராகேல் கயிற்றை விடவில்லை.

"இன்னும் ஆரும் இல்ல," என்றாள். "பிள்ளைகளத் தூக்கிட்டு ஓடுங்க."